தகரக் கூரையின் கீழ் அலுமினியத் தாள்: மலைநாட்டுக் குளிருக்கு அது உதவுமா?

ஹட்டன்வாசி:
ஹட்டனில் கட்டிவரும் வீட்டுக்குத் தகரம் போடவிருக்கிறோம். அதன் கீழ் அலுமினியத் தாள் விரித்தால் பகல் வெக்கையும் இராக் குளிரும் உள்ளே வராது என்று ஹார்ட்வெயார் கடையில் கூறுகிறார்கள். ஒரே தாள் இரண்டையும் தடுக்குமா?

பதுளைக்காரன்:
தடுக்கும். வெயிலில் காய்ந்த தகரம் கீழ்நோக்கி வீசும் வெப்பக் கதிர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தைப் பளபளப்பான அலுமினியம் திருப்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் தாள் விரித்தபின், முன்பு நண்பகலில் யாரும் இருக்க முடியாத முன்னறையில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நுவரெலியாவாசி:
பதுளையின் அனுபவத்தை ஹட்டனுக்கு அப்படியே பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனோ 1,200 மீற்றருக்கும் மேல். எங்கள் ஊரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கும், சனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். பகலில் கூரைவழி இறங்கும் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சு என்பதால் தாள் அதைத் தடுக்கிறது. இரவில் அறையின் சூடான காற்றே மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுபோவதால், கனமே இல்லாத தாள் அங்கே கம்பளியின் வேலையைச் செய்யாது.

பதுளைக்காரன்:
பயனே இல்லை என்பது போல் எழுதுகிறீர்கள். நன்றாகத் துலக்கிய கேத்தலில் தேநீர் கரிபிடித்த கேத்தலை விடச் சற்று நேரம் கூடுதலாகச் சூடாக இருப்பதற்குக் காரணம், பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தை எளிதில் வெளியே வீசாததே. அதனால்தான் பளபளப்பைக் கீழே பார்க்க வைத்தாலும் தாள் வேலை செய்கிறது. மேலே பார்த்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

நுவரெலியாவாசி:
கேத்தல் உவமை சரிதான், இரவிலும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று ஈரம். தெளிந்த இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் தகரம் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும். விறகடுப்பின் ஆவியும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் உலர்த்தும் துணிகளின் ஈரமும் மேலேறி, காற்றுப் புகாத அந்தத் தாளில் பட்டுத் துளிகளாகிச் சொட்டும். என் உறவினர் வீட்டில் சீலிங் பலகை கறுத்துப்போனது இதனால்தான். கூரை ஒழுகுகிறது என்று இரண்டு முறை ஆணி மாற்றினார்கள், பாவம்.

மின்வேலைக்காரர்:
அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். கூரைக்குள் ஓடும் பழைய வயர்களின் மேல் தாளைப் பரப்பாதீர்கள். தாளை ஆணியோ ஸ்டேப்பிளோ அடித்துப் பொருத்துமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

பதுளைக்காரன்:
ஈரத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், எங்கள் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் பங்குனி வெயிலில் ஹட்டன் தகரமும் சுடத்தான் செய்யும்.

ஹட்டன்வாசி:
தாளைத் தகரத்தோடு ஒட்ட வைத்தால் போதாதா?

நுவரெலியாவாசி:
ஒட்டினால் தகரத்தின் வெப்பம் நேராகத் தாளுக்குக் கடந்துவிடும், ஒட்டிய பக்கத்துப் பளபளப்புக்கு வேலையே இராது. ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி வேண்டும். நானாக இருந்தால் சீலிங்கின் மேல் கண்ணாடி இழைப் பஞ்சு மெத்தைக்கு முதலில் செலவழிப்பேன். பணம் மிஞ்சினால் தாளும் விரித்து, இறவாரத்தில் காற்று போய்வர வழி விடுவேன்.

ஹட்டன்வாசி:
அப்படியானால் தாள் வாங்குவதைத் தள்ளிவைத்து, பஞ்சு மெத்தையின் விலையை நாளை விசாரிக்கிறேன்.