தண்ணீருக்குள் ஒரு விசில்

தொண்டியிலிருந்து:

கரைவலை மடியில் கிடந்த பாசியை ஒதுக்கக் கையை விட்டேன். முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. விரல்கள் மரத்துப் போயின. பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு திருக்கை. "கரண்டுத் திருக்கைடா, கையை எடு!" என்று மாமா கத்தினார். இவ்வளவு சின்ன உடம்புக்குள் கரண்ட் எங்கிருந்து வருகிறது? வேறு யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, எனக்கும் சின்ன வயதில் அந்த அடி விழுந்திருக்கிறது. அதன் தலைக்கு இரண்டு பக்கமும் அவரைவிதை வடிவில் இரண்டு உறுப்பு இருக்கும். தசைதான் மாறித் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. பின்மூளை உத்தரவு போட்டால் அடிக்கும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, கரண்ட் விட்டும் அடிக்காத மீன். சென்னை கொளத்தூரில் ஒரு பிளாக் கோஸ்ட் கத்திமீன் வாங்கி வந்தேன். தென்னமெரிக்க நன்னீர் மீன். எங்கள் கிணற்று உப்பு ஆகாதென்று கேன் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வயரைத் தொட்டிக்குள் விட்டு, பழைய டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் சொருகினேன். ஸ்பீக்கரில் மெல்லிய விசில்! அது மீன் விடும் மின்துடிப்பு; நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம், ராத்திரி பகல் நிற்கவே இல்லை. விளக்கை அணைத்தும் பார்த்தேன். பின்பக்கமாகவே நீந்திவந்து, நான் போட்ட குழாய்க்குள் உரசாமல் வாலை நுழைத்தது.

தன்னைச் சுற்றி அது பரப்பும் மின்புலம் ஒரு கல்லாலோ புழுவாலோ நெளிந்தால், தோலிலுள்ள உணர்விகள் அந்த நெளிவைப் பின்மூளைக்கு அனுப்புகின்றன. அங்கே உடம்பின் வரைபடம் ஒன்றல்ல, பல பிரதிகளாக இருக்கிறது.

இதன் உறவுக்காரரான எய்கன்மேனியா என்ற மீன் இன்னும் அருமை. கடலில் இரண்டு வள்ளம் ஒரே சேனலில் பேசினால் இரைச்சலாகி, ஒருத்தர் சேனலை மாற்றுவோமே, அதையே இது செய்கிறது. இரண்டு மீன்களின் துடிப்பு வேகம் நெருங்கினால், ஒன்று கூட்டும், மற்றது குறைக்கும். 1963இல் ஜப்பானில் வாட்டனபே, டகேடா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள்.

யார் கூட்டுவது, யார் குறைப்பது? மீன் தன் மூளையில் துடிப்பு வேகத்தை நடத்தும் கடிகாரத்தைக் கேட்பதே இல்லை! அடுத்த மீனின் அலை உடம்பின் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் கலக்கிறது. அந்த இடங்களை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அலையின் பலம் ஒரு நரம்பு வழியாகவும் நேரம் வேறொரு வழியாகவும் போய், நடுமூளையில் சந்திக்கின்றன. அதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தவர் வால்டர் ஹைலிகன்பெர்க் என்ற ஆய்வாளர். தனியொரு நரம்பணு தீர்ப்புச் சொல்வதில்லை, பல இடங்களின் ஓட்டு அது. கடைசியில்தான் கடிகாரத்துக்குச் செய்தி போகிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்பா ஸ்பீக்கரில் காதை வைத்து, "இது ஓயவே ஓயாதா?" என்றார். இல்லை, இன்னும் ஓயவில்லை. மண்டபம் பக்கம் வந்தால் சொல்லுங்கண்ணே, ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டுகிறேன்.