புதுப்பிப்பு: லூவ்ரில் சிறு குழுவாக, அம்மாவுடன்

முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தை வழிகாட்டியுடன் சிறு குழுவாகப் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, "புதன் அல்லது வெள்ளி மாலை போங்கள், இரவு 9 வரை திறந்திருக்கும்" என்ற யோசனைதான். வெள்ளி மாலை ஐந்தரைக்குத் தொடங்கினோம், எங்களையும் சேர்த்து ஆறே பேர். சக்கர நாற்காலியை நுழைவாயிலில் இருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்குக் கீழே இலவசமாகவே தந்தார்கள். அடையாள அட்டையை மட்டும் மறக்காதீர்கள். படிக்கட்டின் உச்சியில் நிற்கும் சிறகு முளைத்த விக்டரி சிலைக்கு (கிரேக்கர்களின் வெற்றித் தேவதை) லிஃப்டில் சுற்றிப் போனோம். முன்கூட்டியே சொன்னால் வழிகாட்டி அதற்கேற்ப பாதையை மாற்றிக்கொள்வார்.

எதிர்பாராதது இரண்டு. வழிகாட்டி பேசுவதைக் கேட்க ஆளுக்கொன்றாகத் தந்த காதுக்கருவியில் என்னுடையது பாதியில் நின்றுவிட்டது. ஆறு பேர் என்பதால் பக்கத்தில் நின்றே கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று, மோனாலிசா அறை. 77 சென்டிமீட்டர் உயரப் படம், முன்னால் கடல்போல் கூட்டம். "அப்படியே திரும்புங்கள்" என்றார் வழிகாட்டி. எதிர்ச்சுவர் முழுக்க இத்தாலிய ஓவியர் வெரொனேசே 1563இல் முடித்த 'கானாவூர்க் கல்யாணம்' ஓவியம், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய அந்தக் கல்யாண விருந்து! கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். வலது ஓரத்தில் ஒரு பூனை மல்லாந்து கிடந்து ஜாடியைப் பிறாண்டுகிறது. அதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். அங்கேயே கால் மணி நேரம் இருந்தோம்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை விடுமுறை.