குடியேற்றம் மத்திய அரசின் வேலை என்றால், அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி ஏன் மாறுகிறது?

வழிப்போக்கன்:
விசா கொடுப்பது, நாடு கடத்துவது எல்லாம் மத்திய அரசின் வேலை என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டவரை ஷெரிஃபே (கவுண்டியின் போலீஸ் தலைவர்) ஐஸ் எனப்படும் மத்திய குடியேற்ற அமலாக்கத் துறை அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார், பக்கத்துக் கவுண்டியில் அதே தப்புக்குப் பிடிபட்டவர் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விடுகிறார். இந்த அதிகாரம் எப்போது கீழே இறங்கியது? கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோடன்:
முதலில் கீழேதான் இருந்தது. 1855 முதல் 1890 வரை கப்பலில் வந்தவர்களைக் காசில் கார்டன் என்ற இறங்குதுறையில் பதிவு செய்தது நியூயார்க் மாநிலம், மத்திய அரசின் எல்லிஸ் தீவு நிலையம் 1892-ல்தான் திறந்தது. கலிஃபோர்னியாவில் இன்னும் மோசம். சீனாவிலிருந்து வந்த பெண்களைப் பார்த்த மாத்திரத்தில் 'நடத்தை சரியில்லை' என்று மாநில அதிகாரி முடிவுகட்டி, ஆளுக்கு 500 டாலர் பிணைப் பத்திரம் கேட்பார், கொடுக்காவிட்டால் கரையிறங்க முடியாது. அப்படி நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருவரான சை லங் போட்ட வழக்கில் 1876-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஒரு மாநிலத்தின் கைங்கரியத்தால் மொத்த நாடும் இன்னொரு நாட்டோடு சண்டைக்கு நிற்க வேண்டுமா என்பதுதான் நீதிபதிகளின் கவலை. (மத்திய அரசு மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள், ஆறே வருடத்தில் சீனத் தொழிலாளர்கள் வருவதையே தடுக்கும் சீனர் விலக்குச் சட்டம் போட்டது.)

கறுப்புக்கோட்டு:
இப்போதைய குழப்பத்துக்கு 1996-ஐயும் 1997-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1996-ல் குடியேற்றச் சட்டத்தில் சேர்த்த 287(ஜி) பிரிவுப்படி, உள்ளூர் போலீஸ் விரும்பினால் ஒப்பந்தம் போட்டு, பயிற்சி எடுத்து, குடியேற்ற அதிகாரியின் வேலையைச் செய்யலாம். கவனியுங்கள், விரும்பினால். மறுவருடம் பிரின்ட்ஸ் வழக்கில், துப்பாக்கி வாங்குபவர்களைச் சோதிக்கும் விவகாரத்தில், உள்ளூர் ஷெரிஃபை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. குடியேற்ற அமலாக்கத்துக்கு உதவ மறுக்கும் 'சரணாலய நகரங்கள்' பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு அதுதான். 'விடுதலையாக வேண்டியவரை இன்னும் 48 மணி நேரம் வைத்திருங்கள்' என்று ஐஸ் அனுப்புவது கோரிக்கைதான், உத்தரவு இல்லை. வாரன்ட் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு கவுண்டி தலையில் விடியும். ஓரிகனில் கிளாக்கமஸ் கவுண்டி 2014-ல் அப்படித்தான் தோற்றது. ஆனால் மாநில அரசு தன் ஊர்களைக் கட்டுப்படுத்தலாம். 2017-ல் ஒத்துழைத்தே ஆகவேண்டும் என்று டெக்சஸும், பெரும்பாலும் கூடாது என்று கலிஃபோர்னியாவும் சட்டம் போட்டன.

வழிப்போக்கன்:
அப்படியானால் ஓர் ஊர் தானே சொந்தமாகத் தண்டனை விதிக்கலாமா?

கறுப்புக்கோட்டு:
பென்சில்வேனியாவில் ஹேசில்டன் என்ற சின்ன ஊர் 2006-ல் செய்து பார்த்தது. ஆவணமில்லாதவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டால் நாளுக்கு 1,000 டாலர் அபராதம். கோர்ட் கோர்ட்டாக ஏறியும் சட்டம் அமலுக்கே வரவில்லை, 2014-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது, எதிர்த்தரப்பு வக்கீல் செலவாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஊர்தான் அழ வேண்டியிருந்தது. மேயர் மட்டும் நடுவில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார். அரிசோனா 2010-ல் போட்ட சட்டத்திலும், வழக்குக்குப் போன நான்கு பிரிவுகளில் மூன்று 2012-ல் விழுந்துவிட்டன. மிஞ்சியது, போலீஸ் நிறுத்தும்போது சந்தேகம் வந்தால் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது. உதவ மறுக்கலாம், உதவலாம், குடியேறிகளைத் தண்டிக்கத் தனிச் சட்டம் போட முடியாது. சுருக்கமாக அவ்வளவுதான்.

பனிமலை:
நீங்கள் எல்லாரும் ஆளைப் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கனடாவில் கீழே இறக்கியது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை. 1991 ஒப்பந்தப்படி கியூபெக் தனக்கு வேண்டிய பொருளாதாரக் குடியேறிகளைத் தானே தேர்வு செய்கிறது. மற்ற மாகாணங்களுக்கு, தங்களுக்கு வேண்டியவர்களை மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கும் நியமனத் திட்டம் இருக்கிறது, மனிடோபா 1998-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டது. எந்தத் தொழிலுக்கு ஆள் பற்றாக்குறை என்று உள்ளூருக்குத் தெரியும் என்பதால் எனக்கு இது உருப்படியான வழியாகப் படுகிறது.

செங்கோடன்:
ஓட்டையும் இருக்கிறதே. நிரந்தர வசிப்புரிமை கிடைத்தபிறகு, மனிடோபா தேர்ந்தெடுத்தவர் டொராண்டோவுக்குப் பெட்டி கட்டினால் யாரும் தடுக்க முடியாது, கனடா அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவு எந்த மாகாணத்திலும் குடியிருக்க அவரை அனுமதிக்கிறது.