கண்ணாடி ஜாடியில் பாலிமர் களிமண் வேலை பெயர்ந்து வருகிறது: விளக்குக் கூடு செய்கிறவர்கள் வழி சொல்ல வேண்டும்

கேள்வி (கிருஷ்ணகிரியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை தீபத்தன்று வாசற்படியில் அகல் விளக்குகளோடு சேர்த்து வைப்பதற்காக, வீட்டில் சேர்ந்துபோன ஊறுகாய், ஜாம் ஜாடிகளைப் பாலிமர் களிமண்ணால் அலங்கரித்து வருகிறேன். எங்கள் ஊர் மாம்பழத்துக்குப் பேர் போனது என்பதால் மாவிலையையே வடிவமாக எடுத்துக்கொண்டேன். களிமண்ணை மெல்லிய தகடாகத் தேய்த்து, அதன்மேல் மாவிலையின் அடிப்பக்கத்தை வைத்து அழுத்தினால், நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் ஒன்றுவிடாமல் பதிந்துவிடுகின்றன. ஓரத்தை வெட்டி ஜாடியில் ஒட்டி, பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டிலேயே ஓடிஜி அடுப்பில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு) சுடுகிறேன். ஆனால் ஆறியதும் இலையின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. நகத்தால் நெம்பினால் முழு இலையும் கையோடு வந்துவிடுகிறது. இதற்கு என்ன வழி? உள்ளே எண்ணெய் விளக்கு ஏற்றலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1 (தர்மபுரியிலிருந்து)

சகோதரிக்கு வணக்கம். பாலிமர் களிமண் என்று பெயர் இருந்தாலும் அது மண் அன்று. பிவிசி பிளாஸ்டிக் தூளை ஒரு குழைவூட்டியோடு (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்) கலந்து செய்தது. வழுவழுப்பான கண்ணாடியோடு அது தானாகப் பிணையாது. மேலும், கண்ணாடி விரிந்து சுருங்குவதைவிடப் பிளாஸ்டிக் பல மடங்கு அதிகமாக விரிந்து சுருங்கும். அடுப்புச் சூட்டில் இறுகிய இலை, ஆறும்போது கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குவதால்தான் அதன் ஓரம் தூக்குகிறது. இதே சுருக்கம் ஜாடியைச் சுற்றி வளைத்த ஒரு பட்டைக்கு நன்மையாகிவிடும், ஏனென்றால் சுருங்கச் சுருங்க அது கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே தனித்தனி இலைகளாக ஒட்டாமல், வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவதைப் போலவே, சுற்றிவரும் ஒரு கொடியில் இலைகளை இணைத்து, கொடியின் இரு முனைகளையும் நன்றாக அழுத்திச் சேர்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான வழி வேறில்லை.

ஒட்டுவதற்கு முன் ஜாடியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு வெளிப்புறத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தினால் அடியில் காற்று தங்காது. திரவப் பாலிமர் களிமண் கிடைத்தால், ஒட்டும் இடத்தில் மெல்லிதாகப் பூசிக்கொள்வது நல்லது.

சுடும் முறைக்கு வருகிறேன். ஜாடியை ஆறியிருக்கும் அடுப்பில் வைத்த பிறகே அடுப்பைப் போடுங்கள்; வெந்து முடிந்ததும் உள்ளேயே ஆறவிட்டு எடுங்கள். திடீர்ச் சூடும் திடீர்க் குளிர்ச்சியும் கண்ணாடியைப் பிளந்துவிடும். ஃபிமோ என்னும் பிராண்டு களிமண்ணுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்றும், ஸ்கல்பி பிராண்டுக்கு 130 டிகிரியில் 6 மி.மீ. தடிமனுக்கு 15 நிமிடம் என்றும் கணக்கு. கண்ணாடி சூடேறவும் நேரம் பிடிக்கும் என்பதால், அடுப்பு அந்தச் சூட்டை எட்டிய பிறகே நேரத்தை எண்ணுங்கள். ஓடிஜி அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை முழுதாக நம்பாமல், உள்ளே வைக்கும் ஒரு வெப்பமானியை வாங்கிக்கொள்ளுங்கள். களிமண் தேய்த்த கட்டையைச் சப்பாத்திக்கு மறுபடி எடுக்க வேண்டாம்.

மறுமொழி 2 (ஓசூரிலிருந்து)

விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். தீபத்தின் சூடு மேலே எழும்பி ஜாடியின் வாயைத்தான் முதலில் தாக்கும் என்பதால், கழுத்திலும் விளிம்பிலும் களிமண் வைத்த ஜாடிகளுக்கு எல்இடி விளக்கே ஏற்றது. அகல்தான் வேண்டும் என்றால், அகன்ற வாயுள்ள உயரமான ஜாடியை எடுத்து, அடியில் சிறிது மணல் பரப்பி, களிமண் வேலையைக் கீழ்ப்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் நடமாடும் வாசலில் எரியும் ஜாடியை விட்டு அப்பால் போகாதீர்கள். ஒளி இலைக்குள்ளும் ஊடுருவ வேண்டுமானால் ஒளி கசியும் வகைக் களிமண்ணை வாங்கி, மிக மெல்லிதாகத் தேய்த்துப் பாருங்கள். நரம்பு பதிந்த இடங்கள் மட்டும் கூடுதலாக ஒளிரும்.

மறுமொழி 3 (பாலக்கோட்டிலிருந்து)

முதல் மறுமொழியில் சொன்னது சரிதான், ஆனால் ஏற்கெனவே பெயர்ந்து வந்த இலைகளை எறிய வேண்டியதில்லை. அவை ஜாடியின் வளைவுக்கு ஏற்பவே வெந்திருக்கின்றன. அவற்றின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்சி பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விட்டால் உறுதியாகப் பிடிக்கும். எபாக்சியும் சூட்டில் இளகும், ஆகவே இந்த ஜாடிகளுக்கும் எல்இடி விளக்கையே வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரத்திலோ வண்டியின் பெட்டியிலோ கிடந்த களிமண், சுடுவதற்கு முன்பே அரைகுறையாக இறுகிவிடும். அப்படிப்பட்ட களிமண் பிசையும்போதே உதிரும், கண்ணாடியிலும் ஒழுங்காகப் படியாது. வாங்கியதும் ஒரு துண்டைக் கிள்ளி மடித்துப் பாருங்கள். விரிசல் விடாமல் மடிந்தால் மட்டும் ஜாடி வேலைக்கு எடுங்கள்.