விலங்கு வந்தாலே நீதிக்கதை என்கிறார்கள்: வகை பிரிக்கச் சொல்லித்தருவது எப்படி?

கரும்பலகை:
எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மரபுக் கதைகளை வகை பிரிக்கப் பழக்குகிறேன். நீதிக்கதை, மாயக்கதை, தொன்மம், பழமரபுக் கதை என நான்கு வகை. ஒவ்வொன்றின் அடையாளங்களையும் பட்டியல் போட்டு ஒட்டியாயிற்று. ஆனாலும் விலங்கு வந்தால் நீதிக்கதை, மந்திரம் வந்தால் மாயக்கதை, ராஜா வந்தால் வாய்க்கு வந்த பதில். கதைத் தாள்களை வகைவாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரிக்கச் சொன்னால், அணில் முதுகில் மூன்று கோடு வந்த கதையும் நீதிக்கதைகளின் கட்டோடுதான் கிடக்கிறது. எங்கே கோளாறு?

கதைக்கட்டு:
பட்டியலில்தான். 'விலங்குகள் பேசும்' என்று எழுதி ஒட்டினால் பிள்ளை அதை மட்டும்தான் தேடும். தவளை இளவரசன் கதையிலும் தவளை பேசுகிறது. ஆனால் நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் கொடுக்கும் ஆர்னே–தாம்சன்–ஊதர் அட்டவணையில் அதன் எண் 440. அதாவது 300 முதல் 749 வரை உள்ள மாயக்கதைகளில் ஒன்று. காகமும் நரியும் 57, விலங்குக் கதை. (எண்கள் நமக்கு மட்டும், பிள்ளைகளிடம் வேண்டாம்.)

பட்டியலை எடுத்துவிட்டு, ஆளை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காகத்துக்கும் நரிக்கும் பதில் இரண்டு மனிதர்கள்: புகழ்ச்சிக்கு மயங்குகிறவர் ஒருவர், புகழ்ந்தே காரியம் சாதிக்கிறவர் இன்னொருவர். கதை அப்படியே நிற்கும். இப்போது அணிலுக்குப் பதில் ஒரு சிறுவன். அவனும் பாலத்துக்கு மணல் சுமப்பான், ராமரும் முதுகைத் தடவிக்கொடுப்பார். ஆனால் இன்றுவரை அணில் முதுகில் ஏன் கோடு இருக்கிறது என்பதற்குப் பதில் கிடைக்காது. அது காரணக்கதை. உங்கள் நான்கில் தொன்மத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாயக்கதைக்கு ஆளை அல்ல, மந்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். தேவதை வராவிட்டால் சிண்ட்ரெல்லா அரண்மனை வாசலையே மிதிக்க முடியாது.

நான்கையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதலில் நீதிக்கதையும் காரணக்கதையும் மட்டும். இரண்டிலும் விலங்கு இருக்கட்டும். அப்போதுதான் விலங்கை வைத்து முடிவு கட்ட முடியாது. அது பிடிபட்ட பிறகு மாயக்கதை.

ஏட்டுச்சுவடி:
ராஜா கதைக்கு வேறு கேள்வி: எந்த ஊர், எந்த ராஜா? மனுநீதிச் சோழனுக்குத் திருவாரூர், பாரிக்குப் பறம்பு மலை. வரைபடத்தில் விரல் வைக்க முடிகிறது, இங்கே நடந்தது என்றே சொல்லிவருகிறார்கள். ஆக, பழமரபுக் கதை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்றால் ஊரும் இல்லை, பேரும் இல்லை. உலகமே இன்றைய உருவத்துக்கு வருவதற்கு முந்தைய காலம், தேவர்களும் அசுரர்களும் என்றால் தொன்மம். பாற்கடல் கடைந்த கதை போல. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் வில்லியம் பாஸ்கம் 1965-இல் தொன்மம், பழமரபுக் கதை, நாட்டார் கதை மூன்றையும் பிரிக்க எடுத்துக்கொண்டவற்றில் காலம், இடம், நம்பிக்கை மூன்றும் உண்டு.

தெனாலிராமன் கதைகளில் மாட்டிக்கொள்வார்கள். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) நிஜ அரசர்தான். ஆனால் இந்தக் கதைகளில் பலவற்றை அக்பர், பீர்பால் என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் ஒன்றும் குறையாது. பாரியையும் முல்லையையும் அப்படி மாற்ற முடியுமா? இவை சாமர்த்தியக் கதைகள். தனிக் கட்டாக வைத்துவிடுங்கள்.

கரும்பலகை:
நம்பிக்கை என்றதும் ஒரு சந்தேகம். "பாற்கடல் நெசமாவே நடந்துச்சா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் வகுப்பே இரண்டாகிவிடும். தொன்மம் என்றால் பொய்க்கதை என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

கதைக்கட்டு:
நடந்ததா என்ற கேள்வியை நாம் எடுக்கவே கூடாது. 'இதைச் சொல்லிவந்தவர்கள் எப்படிச் சொன்னார்கள்? நடந்ததாகவா, பொழுதுபோக்கவா?' என்று கேளுங்கள். அதற்குக் கதையைப் பார்த்தே பதில் சொல்லலாம். யார் வீட்டு நம்பிக்கையும் தராசில் ஏறாது.

சிவப்புமை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். சிறுவர் புத்தகங்களில் எந்தக் கதையானாலும் கடைசியில் 'நீதி:' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் பிள்ளைக்கு மேலே படிக்கவே தேவையில்லை. நகல் எடுக்கும் முன் அந்த வரியையும் தலைப்பையும் மறைத்துவிடுங்கள். கதை 150 சொல்லுக்குள் இருக்கட்டும். நீண்டால் படிப்பதிலேயே களைத்துவிடுவார்கள், வகை பற்றி யோசிக்கத் தெம்பு இருக்காது.

பதிலை ஒற்றைச் சொல்லாக வாங்காதீர்கள். 'இது ____ கதை, ஏனென்றால் ____' என்று எழுதட்டும். இரண்டாம் கோட்டில் வருவதற்குச் சான்றாகக் கதையில் ஒரு வரியை அடிக்கோடிட வேண்டும். வகை தவறாக இருந்தும் சான்று பொருந்தினால் பாதி மதிப்பெண். வகை சரி, காரணம் 'நரி வருது' என்றால் மதிப்பெண் கிடையாது. குருட்டாம்போக்கில் விழுந்த பதில் அது. 'இரண்டிலும் சேரும்' என்று ஒரு கட்டும் வையுங்கள். அதில் போடுகிறவர்கள் இரண்டு காரணம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் சோம்பலுக்காக அங்கே தள்ள மாட்டார்கள்.