யோகி பி-க்குக் கிடைத்தது குறைவா, கூடுதலா?

செந்தூல் வாசகன்:
தமிழ்ச் சொல்லிசை, அதாவது ‘ராப்’, 2012-இல் கோயம்புத்தூரில்தான் பிறந்தது என்று நேற்றிரவு ஒரு காணொளி விமர்சகர் கொஞ்சமும் கூச்சமின்றிச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதியின் முதல் இசைத்தொகுப்பு அந்த ஆண்டில் வந்தது, அதில் மறுப்பில்லை. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2006-இல், இதே கோலாலம்பூரிலிருந்து சொல்லிசைக் கலைஞர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டு, ‘மடை திறந்து’ பாட்டின் வழியாகத் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இப்படியும் தமிழில் பாடலாம் என்று காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1998-இல், பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலத்தோடும் மலாயோடும் தமிழையும் ஒலிக்கச் செய்தவர்களில் யோகி பி-யும் ஒருவர். அளவுக்கு மீறிக் கொண்டாடப்படுகிறவர் ஆதி. அளவுக்குக் குறைத்து மதிக்கப்படுகிறவர் யோகி பி. மறுப்பவர் எவரேனும் இருந்தால் வரட்டும்.

பட்டர்வொர்த் ரசிகன்:
அழைத்தீர்கள், வந்துவிட்டேன். நீங்கள் பெருமையோடு தூக்கிப் பிடிக்கும் அந்த ‘மடை திறந்து’, 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடல் என்பதைத் தங்கள் நீண்ட வரலாற்றுக் குறிப்பில் எங்கேயும் காணவில்லையே, மறதியா, வசதியா? செந்தூலிலோ கிள்ளானிலோ ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போடும்போது நின்று கவனியுங்கள். பல்லவி வரும்போது மணமேடை அருகே நிற்கும் பெரியப்பாவிலிருந்து வாசலில் சந்தனம் கொடுக்கும் சிறுமி வரைக்கும் எல்லாருடைய வாயும் அசையும். சொல்லிசைப் பகுதி வந்ததும் மாப்பிள்ளையின் நண்பர்கள் நான்கைந்து பேரைத் தவிர மற்றவர்கள் பிரியாணித் தட்டைத் தேடிப் போய்விடுவார்கள். பல்லவி யாருடையது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செந்தூல் வாசகன்:
மெட்டு ராஜாவுடையது என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும் என்பதால்தான் எழுதவில்லை. ‘நிழல்கள்’ படம் ஓடாத படம். 2006-இல் பதினைந்து வயதில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? அவர்களிடம் அந்தப் பல்லவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யோகி பி. நியாயமாகப் பார்த்தால் ராஜா ரசிகர்கள்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் ரசிகன்:
ராஜா ரசிகர்கள் நன்றி சொல்ல வேண்டுமாம்! படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் கோலாலம்பூரில் ஒருவருக்கு அதை எடுத்துக்கொள்ளத் தோன்றியது. சரி, அது ஒன்றுதான் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தில் உங்கள் நாயகர் பங்கெடுத்த ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டு எங்கிருந்து வந்தது? 1979-இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்திற்காக எம்.எஸ். விசுவநாதன் போட்ட மெட்டு. முதலில் ராஜாவின் பல்லவி, அடுத்து எம்.எஸ்.வி-யின் பல்லவி. சொந்தமாக ஒரு பல்லவி எங்கே?

பெட்டாலிங் இளவல்:
இரண்டு பெரியவர்களும் சேர்ந்து ஆதியை வசதியாக மறந்துவிட்டீர்கள். அவர் தம் பாட்டைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, 2015-இல் ‘ஆம்பள’ படத்தின் வழியாகத் திரைப்பட இசையமைப்பாளராகவும் ஆகிவிட்டார். யாருடைய பல்லவியையும் நம்பி அவர் மேடை ஏறவில்லை. யார் முதலில் பிறந்தார் என்று பார்த்துப் பரிசு கொடுப்பதாக இருந்தால், 1994-இல் ‘காதலன்’ படத்தில் ரகுமான் கொடுத்த ‘பேட்டை ராப்’ உங்கள் இருவரையும் முந்திவிட்டதே?

செந்தூல் வாசகன்:
தம்பி, அது படத்திற்குள் வந்த ஒரு பாட்டு. நான் பேசுவது ஒரு முழுத் தொகுப்பைப் பற்றி. திரைப்படம் என்ற ஊன்றுகோல் இல்லாமல், பெரிய நிறுவனம் எதுவும் சென்னையில் வழி திறந்துவிடாமல், நம் நாட்டிலிருந்து போய் நின்ற தொகுப்பு அது. இந்த வேறுபாடு புரியாதவர்கள் பட்டியல் போட வேண்டாம்.

பட்டர்வொர்த் ரசிகன்:
திரைப்படம் என்ற ஊன்றுகோல் இல்லையாம். ‘நிழல்கள்’ திரைப்படம் இல்லாமல் தெருக்கூத்தா? பல்லவி யாருடையது என்று கேட்டால் ஏன் ஒவ்வொரு முறையும் வேறு தெருவுக்குள் நுழைகிறீர்கள்?

செந்தூல் வாசகன்:
ஐயா, உங்களுக்கு ஒரே ஒரு தெருதான் தெரியும், நான் என்ன செய்வது? இப்போது நானே கேட்கிறேன். ராஜா 1986-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஓர் இசைத்துண்டு பாக் வயலினுக்காக எழுதியதை அப்படியே எடுத்து, அதன்மேல் தமது இசையைக் கட்டிக்கொண்டு போகிறது. அங்கே அடித்தளம் யாருடையது? ராஜா செய்தால் காணிக்கை, கோலாலம்பூர்ப் பையன் செய்தால் கடனா? அடுத்தவர் மெட்டின் மீது தன் வீட்டைக் கட்டுவது குற்றம் என்றால், அந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் கையெழுத்து யாருடையது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். ‘ஆடுகளம்’ படத்தின் ‘போர்க்களம்’ பாட்டையும், 2018-இல் வந்த ‘காலா’ படத்தின் ‘கற்றவை பற்றவை’ பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். அங்கெல்லாம் எந்தப் பழைய பல்லவியும் இல்லை. யோகி பி-யின் குரலும் தமிழும் தனியாகவே நிற்கின்றன. சொற்களை அவர் அடுக்கும் முறையில் ஒரு மிடுக்கு இருக்கிறது. மூச்சு விடும் இடத்தைக்கூடத் தாளத்துக்குள் வைத்துவிடுவார்.

பட்டர்வொர்த் ரசிகன்:
பாக் 1750-இலேயே இறந்துவிட்டார், அவருக்கு யாரும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. ராஜா நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார். 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய மனிதர். ‘காலா’வுக்கும் ‘ஆடுகளத்துக்கும்’ இசையமைப்பாளர்கள் வேறு இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கேயும் வீடு அடுத்தவருடையதுதான், உங்கள் ஆள் குடியிருக்கிறார். போன மாதம் ராமமூர்த்தியைப் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள். 1965-இல் விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைப்பாளர் இரட்டையர் பிரிந்த பிறகு ராமமூர்த்தியை உலகம் மறந்துவிட்டதே என்று நான் எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் என் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

செந்தூல் வாசகன்:
இலண்டனில் அரங்கேறிய சிம்பொனியைப் பற்றிப் பேசும் நீங்கள், 1993-இல் எழுதிப் பதிவு செய்ததாகச் சொல்லப்பட்ட சிம்பொனி ஏன் இன்றுவரை வெளிவரவில்லை என்பதையும் எழுதலாமே. உரிமையைப் பற்றியும் பேசுகிறீர்கள்; 2017-இல் சொந்த நண்பர் எஸ்.பி.பி-க்கே வழக்கறிஞர் கடிதம் போனதை நாடே படித்தது. பிழையைப் பொறுத்தவரை, ‘இராமமூர்த்தி’யை ‘ராமமூர்தி’ என்று எழுதினால் திருத்தாமல் என்ன செய்வது?

உறுமிக்காரன்:
நீங்கள் எல்லாரும் ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வரவே மாட்டீர்கள் போலிருக்கிறது. இந்த நாட்டில் உண்மையிலேயே குறைத்து மதிக்கப்படுகிறவர்கள், தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டு வரைக்கும் காவடிக்கு முன்னால் வாசித்துக்கொண்டு நடக்கும் உறுமிக் குழுக்கள்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை எழுப்புகிறவனுக்கு விடியும்போது விரலிடுக்கில் தோல் உரிந்திருக்கும். அவன் பெயரை எந்தப் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா?

பட்டர்வொர்த் ரசிகன்:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நான் கேட்ட உறுமிப் பாட்டுகளில் பாதி சினிமா மெட்டுகள்தான். அங்கேயும் கேட்கிறேன், பல்லவி யாருடையது?

உறுமிக்காரன்:
முருகன் பாட்டுக்கு நடுவில் சினிமா மெட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் உங்களைப் போன்ற ரசிகர்கள்தானே. கேட்பதும் நீங்களே, குறை சொல்வதும் நீங்களே.

ஜார்ஜ்டவுன் அக்காள்:
பினாங்கு என்ற சொல் வந்ததால் நானும் எழுதுகிறேன். ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் முன்னின்று பாடிய ஆலிகேட்ஸ் குழுவின் பெயரை இவ்வளவு நேரத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. பினாங்கில் தொடங்கிய குழு. சுருட்டை முடியும் அந்தக் குரலுமாக மலாய் இசை உலகத்தையே தங்கள் பக்கம் திருப்பியவர்கள். லோகா 2007-இல் மறைந்தபோது மலாய்க்காரர்களும் சீனர்களும் கண்ணீர் விட்டார்கள். தமிழர்களாகிய நாம் மட்டும், அவர்கள் மலாயில் பாடினார்கள் என்பதற்காக நம் கலைஞர்கள் பட்டியலில் ஓர் ஓரத்தில்கூட வைப்பதில்லை. சென்னை கைதட்டினால்தான் நம் கலைஞன் பெரியவன் என்ற நினைப்பு செந்தூல் வாசகனுக்கும் இருக்கிறது, பட்டர்வொர்த் ரசிகனுக்கும் இருக்கிறது.

செந்தூல் வாசகன்:
அக்கா, ஆலிகேட்ஸ் குழுவை நாடு முழுவதும் கொண்டாடுகிறது, டேவிட் ஆறுமுகத்திற்கு டத்தோ பட்டமும் உண்டு. அவர்களை எப்படிக் குறைத்து மதிக்கப்பட்டவர்கள் என்று சொல்ல முடியும்?

ஜார்ஜ்டவுன் அக்காள்:
நாடு கொண்டாடுகிறது, நாம் கொண்டாடவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். வாசகன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் வாசித்துவிட்டு எழுதலாம்.

பட்டர்வொர்த் ரசிகன்:
அக்காள் சொல்வதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆலிகேட்ஸ் குழுவின் புகழ்பெற்ற மலாய்ப் பாட்டுகளைச் சென்னையிலிருந்து கடன் வாங்கிப் பாடவில்லை, அவர்களுக்கென்றே எம். நசிர் போன்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே, எங்கள் பினாங்குக்காரர்களுக்குச் சொந்தப் பல்லவி இருந்தது என்பதைக் கோலாலம்பூர்க்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஜார்ஜ்டவுன் அக்காள்:
‘எங்கள் பினாங்குக்காரர்கள்’ என்று தீவில் இருக்கும் நாங்கள் சொல்ல வேண்டும், தம்பி. பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் படகேறி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பட்டர்வொர்த் ரசிகன்:
பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறையும் பினாங்கு மாநிலம்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது இருக்கட்டும். ‘மடை திறந்து’ பாட்டின் பல்லவி யாருடையது என்று நான் கேட்டதற்குச் செந்தூல் வாசகன் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

செந்தூல் வாசகன்:
மெட்டு ராஜாவுடையது என்று என் இரண்டாவது பதிவின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே போய்ப் படியுங்கள்.

பட்டர்வொர்த் ரசிகன்:
மெட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது பல்லவியை.

பெட்டாலிங் இளவல்:
ஆதியைப் பற்றி நான் கேட்டதற்கு இரண்டு பேரில் யாராவது பதில் சொல்வதாக எண்ணம் இருக்கிறதா?