ஆயுத பூஜைக்கு சைக்கிள் டூல்: வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவருக்கு எதை வாங்கலாம்?

திருநெல்வேலி டவுன் (கேட்டவர்; கீழே பதில் சொல்கிறவங்க அவங்கவங்க ஊர்ப் பெயரில்)

ஆயுத பூஜை வருது. வீட்டு முற்றத்தில் தெருப்பிள்ளைகள் சைக்கிளையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற தம்பிக்கு டூல் வாங்கணும். அவன் கைக்கு வருகிறவை: பழைய 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள், ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள், கியர் சைக்கிள் ஒண்ணு. சாதா ஸ்பானர், திருப்புளி, குறடு, சுத்தியல் இருக்கு. வேலை பார்த்த அனுபவத்திலிருந்து சொல்லுங்க.

பாளையங்கோட்டை

நாற்பது சாமான் அடுக்கின பெட்டி மட்டும் வேண்டாம். பாதி அந்த சைக்கிள்களுக்குப் பொருந்தாது. பொருந்துகிற பாதியும் மட்ட இரும்பு, நாலு தடவை போட்டால் வாய் விரிஞ்சிரும்.

கடைக்குப் போகுமுன் சைக்கிளில் நாலு இடத்தைப் போட்டோ எடுத்துக்கோங்க: டியூப் வால்வு, கிராங்க் (பெடல் மாட்டுகிற கை) அச்சில் சேரும் இடம், பின்சக்கரப் பல்லின் நடுப்பகுதி, பெடல் கிராங்கில் ஏறும் இடம். எந்த டூல் தேவைன்னு அந்த நாலு படமே சொல்லிரும்.

ஒரே ஒரு டூல்தான் வாங்க முடியும்னா கோன் ஸ்பானர் வாங்குங்க. கோன்னா சக்கர அச்சில் குண்டுகளை அணைத்து நிற்கிற கூம்பு நட்டு, அதை அசையாமல் பூட்டுகிற வெளி நட்டுதான் லாக் நட்டு. சுமார் 2 மி.மீ. கனத்தில் தகடு மாதிரி இருக்கும். கியர் சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு 13, பின்சக்கரத்துக்கு 15, லாக் நட்டுக்கு 17. சாதா ஸ்பானர் கனமா இருக்கதால கோனோட ஒடுங்கின முகத்தில் உட்காராது. கோனைப் பிடிக்காமல் லாக் நட்டை மட்டும் முறுக்கினால் கோனும் கூடவே சுத்தி உள்ளே இறுகும், பால்ஸ் (சக்கரக் குண்டுகள்) கப்பில் குழி போடும். சக்கரத்தைக் கையில் தூக்கி அச்சை விரலால் உருட்டிப் பாருங்க, நறநறன்னு தட்டினால் இந்தக் கேடுதான். குவிக் ரிலீஸ் (லிவரை மடக்கிப் பூட்டுகிற) சக்கரத்தில் இன்னொண்ணு உண்டு: சக்கரத்தைக் கழட்டி வெளியே வைத்துப் பார்க்கும்போது மயிரிழை ஆட்டம் விடணும். லிவரை மடக்கும்போது அச்சு அழுந்தி அந்த ஆட்டம் தானே போயிரும்.

கோன் ஸ்பானரோடு ஒரு டப்பா லித்தியம் கிரீஸும் பால்ஸும் சேர்த்துக் கொடுத்தால் அன்றைக்கே வேலை தொடங்கலாம். முன்சக்கரத்துக்கு 3/16 இஞ்ச், பக்கத்துக்கு 10. பின்சக்கரத்துக்கு 1/4 இஞ்ச், பக்கத்துக்கு 9. பழசும் புதுசும் கலந்து போடக்கூடாது. தேய்ந்த குண்டு சுமையைத் தாங்காது, புதுசு மட்டும் தாங்கி கோனைத் தின்னும்.

ராதாபுரம் பக்கம்

இந்தச் சீமையில் பஞ்சருக்கு உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் போதும். அதனால பரிசில் முதலில் ஒரு நல்ல முள்வாங்கி இருக்கட்டும். காலில் தைத்த முள்ளை எடுக்கிற அதே சாமான்தான். டியூபை ஒட்டியதும் வேலை முடிஞ்சதா நினைச்சு மாட்டிருவாங்க. முள்நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், நாலு தெரு தாண்டுமுன் மறுபடி இறங்கும். கொஞ்சம் பஞ்சை டயரின் உட்புறம் ஒரு சுற்று தடவுங்க. எங்கே சிக்குதோ அங்கே முள். விரலால் தடவினால் விரல் கிழியும்.

ஒட்டுகிறதில் பாதிப் பேர் அவசரப்படுறாங்க. உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லிசாப் பூசி, ஐந்து நிமிஷம் காய விடணும். தொட்டால் ஈரம் ஒட்டாத பதத்தில்தான் பேட்ச் வைத்து அழுத்தணும். ஈரத்தில் வைத்தால் ஓரம் தூக்கிரும். திறந்த சொலூஷன் ட்யூப் நாளாக நாளாக உள்ளேயே காய்ந்துபோகும், ஒரே பெரிசுக்குப் பதில் சின்னதா ரெண்டு வாங்குங்க.

டயர் லிவர் நைலானில் மூணு. மோட்டார் பைக்குக்கான இரும்பு லிவர் டியூபைக் கடிக்கும், அலுமினிய ரிம் ஓரத்தையும் நெளிக்கும்.

பம்பு வாங்கினால் மீட்டர் உள்ள நிற்கிற பம்பாப் பாருங்க. வால்வைக் கவனிங்க: கறுப்பு சைக்கிளில் வால் டியூப் போடுகிற பழைய வால்வு, கியர் சைக்கிளில் பெரும்பாலும் மோட்டார் பைக் வால்வு. இரண்டுக்கும் தலை பொருந்தணும். காற்றளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சடிச்சிருக்கும். கறுப்பு சைக்கிளுக்கு அரை மீட்டர் வால் டியூபும் வச்சுக் கொடுங்க, அந்த ரப்பர் வெயிலில் வெடிச்சுதான் பல தடவை ‘பஞ்சர்’னு வருது.

அம்பாசமுத்திரம்

கறுப்பு சைக்கிளில் கிராங்கை அச்சோடு பூட்டுகிற ஆப்பு மாதிரி காட்டர் பின் இருக்கும். வீட்டு ரிப்பேரில் அதிகம் கெடுவது அதுதான். நட்டை முழுசாக் கழட்டிட்டு நேரா சுத்தியலால் அடித்தால் மறை மழுங்கி, பின் வளைந்து, உள்ளேயே மாட்டிக்கும். கிராங்குக்கு முட்டு கொடுக்காமல் அடித்தால் அந்த அடி பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுற்றுகிற இடம்) குண்டுகளில் இறங்கும்.

இதுக்கு ஏற்ற பரிசு 4 இஞ்ச் வைஸ் (சாமானைக் கவ்வி இறுக்குகிற இடுக்கி). ஒரு பக்கம் பின்னின் மறைமுனை, மறுபக்கம் பின்னின் தலை புகுமளவுக்கு ஒரு சாக்கெட். வைஸை முறுக்கினால் சத்தமில்லாமல் பின் சாக்கெட்டுக்குள் வந்திரும். திரும்ப மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் போகணும். ஒரே திசையில் போனால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். புதுப் பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமா ராவிப் பொருத்தணும், அதனால கூடவே ஒரு தட்டை அரம்.

கியர் சைக்கிளில் சதுர அச்சு கிராங்க் என்றால், அதை அச்சிலிருந்து இழுத்து எடுக்கிற கிராங்க் புல்லர் வாங்குங்க. உள்ளே இருக்கிற போல்ட்டையும் வாஷரையும் எடுத்த பிறகு, புல்லரைக் கடைசிவரை கையால் ஏற்றின பிறகுதான் முறுக்கணும். மூணு மறையில் நின்றால் அலுமினிய மறை மொத்தமாப் பிடுங்கிட்டு வந்திரும், அந்தக் கிராங்க் அதோடு சரி.

தென்காசி

பின்சக்கரப் பல் கழட்டும் டூலைப் பார்க்காமல் வாங்காதீங்க. பிரீவீலுக்கு (பல் மொத்தமும் சக்கர நடுவில் மறையில் ஏறுகிறது) ஒண்ணு, கேசட்டுக்கு (பல் செருகி நட்டால் பூட்டுகிறது) வேறொண்ணு, இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒற்றைப் பல் பிரீவீலுக்கு அதன் வெட்டில் பொருந்துகிற டூல் தனி. கேசட் என்றால் பல்லைப் பிடிக்க செயின் விப் (செயின் துண்டு மாட்டின பிடி) இல்லாமல் அசையாது. பிரீவீலுக்கு அது தேவையில்லை: டூலை வைஸில் கவ்வி, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் சுற்றினால் கழலும்.

இங்கே சாரல் நாளில் செயின் ஒரு வாரத்தில் செம்பழுப்பாயிரும். தேங்காய் எண்ணெயும் கழிவு இன்ஜின் ஆயிலும் விட்ட செயினைத் துடைத்துப் பாருங்க, மண்ணும் எண்ணெயும் சேர்ந்த அரைப்புப் பசைதான் வரும். மண்ணெண்ணெயில் கழுவி, முழுசாக் காயவைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், பிறகு வெளிப்புறத்தைத் துணியால் துடைக்கணும். கூடவே ஒரு இரும்பு ஸ்கேல் போதும்: 24 கண்ணி சரியா 12 இஞ்ச். 12-க்கு மேல் 1/16 இஞ்ச் நீண்டால் செயினை மாற்றுங்க. 1/8 ஆன பிறகு பல்லும் போயிருக்கும், செலவு இரட்டிப்பு.

கேபிளைக் குறடால் வெட்டினால் நுனி பிரிந்து அவுட்டருக்குள் (வெளி உறைக்குள்) நுழையாது. கேபிள் கட்டர் சின்ன சாமான், கியர் சைக்கிளுக்கு ரொம்ப உதவும்.

உவரி

கடலோரத்தில் ஸ்போக் நிப்பிள் (சக்கரக் கம்பியை ரிம்மில் பிடிக்கிற சின்ன நட்டு) உப்பேறி இறுகிரும். பல அளவு வெட்டின வட்டச் சாவி தளர்ந்து பிடித்து நிப்பிளை உருட்டிரும். ஒரு நிப்பிளைக் கழட்டிக் கொண்டுபோய், அதில் ஆட்டமில்லாமல் உட்காருகிற ஒற்றை அளவுச் சாவியை வாங்குங்க. முதல் நாள் ராத்திரியே நிப்பிள் வாயில் ஒரு சொட்டு எண்ணெய். ரிம்மின் கோட்டம் எடுக்கும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்: ரிம் இடப்பக்கம் இழுத்தால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்தணும்.

பாளையங்கோட்டை

உவரி அண்ணாச்சி சொன்ன உப்பு விஷயம் பெடலுக்கும் பொருந்தும். நீளப் பிடி உள்ள 15 மி.மீ. பெடல் ஸ்பானர் சேர்த்துக்கோங்க. தம்பிகிட்ட மறக்காமல் சொல்லிருங்க: இடது பெடலுக்கு எதிர் மறை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மாட்டும்போது மறையில் கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்று விரலாலேயே ஏற்றணும்.